பேச்சுப் பயிற்சி: அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம்

பக்கவாதத்தால் பேச்சிழந்தவரின் குடும்பத்தார் எங்களிடம் முதலில் கேட்பது, காப்பீட்டு அட்டையில் பேச்சுப் பயிற்சி உண்டா என்பதுதான். விடை தெரியும்வரை பயிற்சியைத் தள்ளிவைக்கிறார்களே என்பதே எங்கள் பேச்சுப் பயிற்சியாளர்களின் பெருங்கவலை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருத்தல் வேண்டும். (ஆனையூர், திருவாதவூர் போன்ற இலங்கைத் தமிழர் முகாம்களில் வாழ்வோர்க்கு இவ்வரம்பு இல்லை.) ஆயினும் இத்திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கானது. பேச்சுப் பயிற்சியோ வீடு திரும்பிய பின்னரும் மாதக்கணக்கில் தொடர வேண்டியது.

மற்றொரு வழி மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 குறைபாடுகளுள் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. ஆனால் சட்டம் அதனை நிரந்தரக் குறைபாடாகவே வரையறுக்கிறது. பல சலுகைகளுக்கு 40 விழுக்காடு பாதிப்பும் தேவை. எங்கள் பயிற்சியாளர்கள் மாறுபடும் இடம் இதுவே. பேச்சு மிகுதியாகத் தேறுவது முதற்சில மாதங்களில். நிரந்தரம் என்று உறுதியாவதற்குள் அம்மாதங்கள் கழிந்துவிடும். தகுதியை அளக்கும்போது காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறார்கள். எங்களுக்கும் அது நியாயமாகவே படுகிறது.

குழந்தைகளின் நிலை சற்று மேலானது. பிறவியிலேயே செவித்திறன் இல்லாத குழந்தைக்கு 6 வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தக் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. கருவி பொருத்திய பின் கேட்டுப் பேசும் பயிற்சியை விட்டுவிட்டால் அறுவைச் சிகிச்சையின் பயன் பெரிதும் குறையும். பேச்சுத் தாமதமுள்ள பிள்ளைகளை, 18 வயது வரை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அழைத்துச் செல்லலாம். அங்கு வருமானச் சான்று தடையாகாது.

பெரியவர்களுக்கும் அரசு மருத்துவமனைப் பயிற்சிக்கு அட்டை கட்டாயமன்று. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ அடிக்கடி வர இயலாதவர்கள், குடும்பத்தில் ஒருவர் பயிற்சி முறையைக் கற்றுக்கொண்டு வீட்டில் நாள்தோறும் செய்விக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள், விடைக்குப் பொறுத்திருங்கள். உரக்கப் பேச வேண்டாம், அவருக்குக் காது கேட்கிறது.

வீடு திரும்பும் நாளுக்கு முன்பே, பேச்சுப் பயிற்சியாளர் பார்க்க வேண்டும் என்று வார்டு மருத்துவரிடம் கேளுங்கள். உண்ணும்போது இருமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். விழுங்குதலைச் சோதிப்பதும் அவர் பணியே. அவரது மதிப்பீட்டை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். பின்னர் எந்த உதவிக்கு விண்ணப்பித்தாலும் அந்தத் தாளைக் கேட்பார்கள்.