பனியனுக்கு ஏன் பனியன்னு பேரு?

"எழுதறதுக்கு விஷயம் எங்கிருந்துங்கண்ணா புடிக்கறீங்க?" என்று ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார். பகல் முழுக்க கோடிங் செய்கிற ஆள் ராத்திரி பழைய அகராதிகளோடு உட்கார்ந்திருந்தால் இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். பொதுவாகப் பதில் சொன்னால் உபதேசம் மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரே ஒரு சொல்லை வைத்துச் சொல்கிறேன். திருப்பூரே அந்தச் சொல்லை வைத்துத்தான் சோறு தின்கிறது: பனியன்.

ஆரம்பித்து வைத்தது என் மகள். ஐந்தாவது படிக்கிறாள். "அப்பா, பனிக்குப் போடறதாலதான் பனியனா?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறேன். காதர்பேட்டை வழியாகப் போகும்போதெல்லாம் அந்தச் சொல்லைக் கடை போர்டுகளில் பார்க்கிறேன். ஒரு தடவைகூட எனக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை.

பதிலும் கேள்விக்குள்ளேயே இருந்த மாதிரி தெரிந்தது. பனி, அதோடு 'அன்' விகுதி. மார்கழிக் குளிருக்கு உள்ளே போட்டுக்கொள்வது பனியன். சுத்தத் தமிழ்! அன்றைக்கு ராத்திரியே பாதிக் கட்டுரை எழுதிவிட்டேன்.

அப்புறம்தான் ஒன்று உறுத்தியது. நம்ம ஊர் வெயிலில் யாருங்க பனிக்காகப் பனியன் போடுகிறார்கள்? வியர்வைக்குத்தானே போடுகிறோம்?

சரி, புத்தகத்தைப் பார்ப்போம் என்று 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைத் திறந்தேன். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் பேச்சில் கலந்துபோன நம்மூர்ச் சொற்களின் தொகுப்பு அது. 1886-இல் வெளிவந்தது. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் என்ற இருவர். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். புத்தகம் அச்சாகி வருவதற்கு முன்பே, 1882-இல் இறந்துவிட்டார். யூல்தான் வேலையை முடித்தார்.

அந்த அகராதிப்படி, பனியனுக்கும் பனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொல்லின் மூலம் 'வணிகன்'. நம்ம வணிகனுக்கு உறவான குஜராத்திச் சொல் 'வாணியோ'. கடல் வணிகத்தில் குஜராத்திகளோடு பழகிய போர்ச்சுக்கீசியர்கள் வாயில் அது 'பனியன்' ஆனது. அவர்களிடமிருந்து ஆங்கிலேயருக்குப் போனது. ஆக, முதலில் பனியன் என்பது ஒரு ஆள், துணி இல்லை.

அந்த ஆளின் பெயர் போய் ஒட்டிக்கொண்ட இடங்கள்தான் வேடிக்கை. பாரசீகக் கடற்கரையில் கோம்ப்ரூன் என்றொரு துறைமுகம் இருந்தது, இன்றைய பந்தர் அப்பாஸ். அங்கே குடியேறிய குஜராத்தி வணிகர்கள் ஒரு ஆலமரத்தடியில் சின்னதாகக் கோயில் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த ஐரோப்பியர்கள் 'பனியன்களின் மரம்' என்றார்கள். ஆலமரத்துக்கு ஆங்கிலத்தில் 'பேனியன்' என்று பெயர் வந்தது இப்படித்தான். அந்த வணிகர்கள் கறி சாப்பிடமாட்டார்கள். அதனால் அந்தக் காலத்து பிரிட்டிஷ் கப்பற்படையில் கறி பரிமாறாத நாளுக்கு 'பனியன் நாள்' என்று பெயர் இருந்தது.

உடைக்கு வருவோம். கிழக்கிலிருந்து போன தொளதொள அங்கி 17, 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய ஃபேஷன். வசதியான ஆண்கள் வீட்டில் இருக்கும்போது போட்டுக்கொள்வார்கள். அதற்கும் பனியன் என்றே பெயர் விழுந்தது. டைரி எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ், 1666-இல் தன் படத்தை வரையச் சொல்லி உட்கார்ந்தபோது, இந்திய அங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்தப் படம் இன்றும் லண்டனில் இருக்கிறது.

இந்தியாவிலோ அந்தப் பெயர் சட்டைக்கு உள்ளே போய்விட்டது. முதலில் மஸ்லின் துணியில் தைத்த உள்சட்டைக்கு, பிறகு இழுத்தால் நீளும் பின்னல் உள்ளாடைக்கு. இந்த மாற்றம் ஹாப்சன்-ஜாப்சனிலேயே பதிவாகியிருக்கிறது. தறியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பின்னலில் நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு போகும். அந்த வளையங்கள் நெகிழ்ந்து கொடுப்பதால்தான் துணி நீளுகிறது. அப்படிப் பின்னுகிற மெஷின்கள் 1920-களில் திருப்பூருக்கு வந்தன. இன்றைக்கு எக்ஸ்போர்ட்டுக்கு டி-ஷர்ட் மட்டுமே தைக்கிற, ஒரு பனியன்கூடத் தைக்காத கம்பெனிக்கும் நம்ம ஊரில் 'பனியன் கம்பெனி' என்றுதான் பெயர்!

எழுதிய பாதிக் கட்டுரையை அழித்துவிட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது, ஏன்னா படிக்க நன்றாக இருந்தது. ஆனால் அதைப் போட்டிருந்தால் ஒரே வாரத்தில் ஊர் வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் சுற்றி, மகளின் வகுப்புக்கே பாடமாகப் போயிருக்கும். திரும்பப் பிடிக்க முடியாது.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். தினமும் காதில் விழுகிற ஒன்று 'ஏன் இப்படி?' என்று தோன்றினால், உடனே போனில் குறித்து வையுங்கள். முதலில் தோன்றுகிற அழகான பதிலை நம்பாதீர்கள். பழைய அகராதிகளைத் திறங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் ஹாப்சன்-ஜாப்சனும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றைத் தேடிப் போனால் இரண்டு கிடைக்கும். நம்ம சிங்கிள் ஜெர்சி துணியும், தோட்டத்தில் கட்டியிருக்கிற ஜெர்சி மாடும் பெயர் வாங்கியது ஒரே இடத்திலிருந்துதான். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலில் இருக்கிற ஒரு சின்னத் தீவு அது. ஒரு காலத்தில் கம்பளிப் பின்னலுக்குப் பேர்போன ஊர்.

பனியன் கதையைத் தேடும்போது எனக்கும் அப்படி இன்னொன்று கிடைத்தது. பொத்தான் போர்ச்சுக்கீசியச் சொல். 'போத்தாவ்' என்பார்கள். பொத்தான் நுழைகிற துளையை 'காஸா' என்பார்கள், அதுதான் நம்ம காஜா. காஸா என்றால் அவர்கள் மொழியில் வீடு.

என் அம்மா 20 வருஷம் காஜா மெஷினில் உட்கார்ந்தவர். பீஸ் ரேட் வேலை. எங்களைப் படிக்க வைத்தது அந்தக் காசுதான். கம்பெனியில் தான் செய்த வேலையைப் பற்றி அவராக எதுவும் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் போய், "அம்மா, காஜான்னா வூடுன்னு அர்த்தமாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "செரிதான் கண்ணு. வூடு சின்னதாப் போனா பொத்தான் நுழையாது. பெருசாப் போனா தங்காது. ரெண்டுக்கும் பீஸைத் திருப்பிக் குடுத்துருவாங்க" என்றார். பிறகு அந்த மெஷினைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அடுத்த கட்டுரை அதுதான்.