வீணைத் தண்டியும் மேளம் கட்டுதலும்

வீணையின் குடத்துக்கும் யாளி முகத்துக்கும் இடையிலுள்ள நீண்ட கழுத்துப் பகுதி தண்டி எனப்படும். உள்ளே குடையப்பட்ட தண்டியின் மேற்புறத்தில் இரு ஓரங்களிலும் மெழுகுக் கரை எழுப்பி, அதன்மேல் 24 மெட்டுகளைக் குறுக்கே பதிப்பர். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில் இந்த 24 மெட்டு அமைப்பு நிலைபெற்றதாகக் கூறப்படுகிறது. தஞ்சாவூர் வீணை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது.

மரம்

தஞ்சாவூர் வீணைக்குரிய பலாமரம் பெரிதும் கடலூர் மாவட்டத்தின் பண்ருட்டிப் பகுதியிலிருந்து செல்கிறது. நெய்வேலி நகரியத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் இதே செம்மண் பகுதியைச் சேர்ந்தவை. அடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கும் நிலத்தின் மேல் பலாவும் முந்திரியும் விளைகின்றன. முதிர்ந்த பலாவின் வைரத்தைக் கரையான் எளிதில் அரிப்பதில்லை. நாதமும் நன்றாக வரும். ஈரம் வற்றாத மரத்தில் தண்டி செய்தால் பின்னர் முறுக்கிக்கொள்ளும்.

2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் இப்பகுதியின் பலா, முந்திரி மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. பலாக்கன்று வீணைக்கேற்ற பருமனை எட்டப் பல ஆண்டுகள் ஆகுமென்பதால் அந்த இழப்பு விரைவில் ஈடாகக் கூடியதன்று.

தண்டியை மாற்றுதல்

ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையில் தண்டியை மட்டும் மாற்ற வழியில்லை. விரிசலை ஒட்டிச் சரிசெய்யலாம், அவ்வளவே. ஒட்டு வீணையில் குடம், தண்டி, யாளி முகம் மூன்றும் தனித்தனியே செய்து இணைக்கப்படுவதால், வளைந்த தண்டியை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்த முடியும்.

மின்கிதாரில் இவ்வேலை வேறு வகைப்பட்டது. ஃபெண்டர் வகைக் கிதாரின் கழுத்து பெரும்பாலும் நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைக்கப்படுகிறது. கழற்றி மாட்டுவது எளிது. ஆனால் மெட்டுகள் கழுத்திலேயே அறையப்பட்டிருக்கும். வழக்கமான 648 மி.மீ. தந்தி நீளத்தில் 12ஆம் மெட்டு சரிபாதியில், அதாவது 324 மி.மீ.இல் இருக்க வேண்டும். கிப்சன் வகையின் ஏறத்தாழ 628 மி.மீ. அளவுக்குச் செய்த கழுத்தை அதே உடலில் மாட்டினால் 12ஆம் மெட்டு 314 மி.மீ.இல் விழும், குதிரையை இடம் மாற்றாமல் சுருதி சேராது. ஆகவே கிதாருக்குக் கழுத்து வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது மரமோ நிறமோ அல்ல, தந்தி நீளம். அடுத்தது, கழுத்தின் அடிப்பகுதி உடலிலுள்ள பள்ளத்தில் ஆட்டமின்றி அமர்கிறதா என்பது.

வீணையிலோ தண்டியைப் பொருத்திய பிறகே மெட்டுகளுக்கு இடம் குறிக்கப்படுகிறது. தண்டியின் நீளத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் மேளத்தில் சரிசெய்துவிடலாம். கோணத்தில் தவறினால் சமாளிப்பது கடினம். தந்தி மிக உயர்ந்து நின்றால் விரல் நோகும், கமகத்துக்கு இழுப்பது சிரமம். மிகத் தாழ்ந்தால் மெட்டில் உரசி இரையும்.

மேளம் கட்டுதல்

தேன்மெழுகும் கரித்தூளும் கலந்து காய்ச்சிய கறுப்பு மெழுகுதான் கரைக்குப் பயன்படுகிறது. பித்தளை அல்லது வெண்கல மெட்டுகளை அதில் ஒவ்வொன்றாக அமர்த்தி, தந்தியை மீட்டிச் சுரம் பார்த்து நகர்த்துவர். கணக்குப்படி 12ஆம் மெட்டு பாதியில் வர வேண்டும். ஆனால் அழுத்தும்போது தந்தி சற்று இறுகிச் சுரம் கூடுவதால், மெட்டை மேரு இருக்கும் பக்கம் சிறிது தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு தள்ளுவது என்பதைக் காதுதான் தீர்மானிக்கும். சாரணியில் சரியாக ஒலிக்கும் மெட்டு மந்தரத்தில் பிசகலாம். நான்கு தந்திகளுக்கும் ஒத்துவரும் இடம் கிடைக்கும் வரை மெட்டு நிலைகொள்ளாது. 24 மெட்டுக்கும் இதே பாடுதான்.

நாட்பட வாசித்தால் மெட்டில் தந்தியின் தடம் பள்ளமாக விழும். அதை அரத்தால் தேய்த்துச் சமன் செய்யலாம். பள்ளம் ஆழமானால் மெட்டையே மாற்ற வேண்டும். கோடை வெயிலில் நிறுத்திய காருக்குள் வீணையை வைத்தால் மெழுகு இளகி மெட்டுகள் சாய்ந்துவிடும். அப்போது தண்டிக்குப் பழுது இராது, மேளம் மட்டும் மீண்டும் கட்டினால் போதும். பழுது பார்க்கக் கொடுப்பவர்கள் இவ்விரண்டையும் பிரித்தறிவது நல்லது. செலவில் பெரிய வேறுபாடு உண்டு.