சங்கம் உண்டு, கூட இடமில்லை: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கலாசார இல்லங்களுக்கு என்ன நேர்ந்தது?

அமெரிக்காவின் டெக்சாஸ், யூட்டா, அலபாமா மாகாணங்களில் உள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில், பல்வேறு சமூக மாணவர்கள் கூடிவந்த கலாசார மையங்களும் சங்க அலுவலகங்களும் 2024-ஆம் ஆண்டில் அடுத்தடுத்து மூடப்பட்டன. மாணவர் சங்கங்கள் எதுவும் தடை செய்யப்படவில்லை. ஆனால், அவை கூடுவதற்கான இடமும், பல்கலைக்கழகத்தின் ஆதரவும் விலக்கிக்கொள்ளப்பட்டன. 2023-24 கல்வியாண்டில் 3,31,602 இந்திய மாணவர்கள் அமெரிக்காவில் பயின்றனர் என்பதால், இம்மாற்றம் இந்தியக் குடும்பங்களும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

கலாசார இல்லம் என்பது என்ன?

1960-களின் இறுதியில், கறுப்பின மாணவர்கள் முன்னைவிட அதிக எண்ணிக்கையில் பல்கலைக்கழகங்களில் சேரத் தொடங்கியபோது, வளாகத்தில் தங்களுக்கென ஓர் இடம் வேண்டும் எனக் கோரினர். அதன் பயனாக அயோவா பல்கலைக்கழகத்தில் 1968-லும், யேல் பல்கலைக்கழகத்தில் 1969-லும் கறுப்பின மாணவர்களுக்கான கலாசார மையங்கள் உருவாயின. யேலில் ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கான மையம் 1981-ல் அமைந்தது. பூர்வகுடி மாணவர்களின் மையத்துக்கு 2013-ல் தனிக் கட்டடம் கிடைத்தது.

இவற்றுள் பல, வளாகத்தை ஒட்டிய சாதாரண வீடுகளே. ஒரே வீட்டின் கூடத்தையும் சமையலறையையும் பல சங்கங்கள் முறைவைத்துப் பயன்படுத்திக்கொள்கின்றன. விடுதி அறையில் சமைக்க வழியில்லாத மாணவர்கள் பண்டிகை நாளில் ஒன்றாகச் சமைப்பதும், தேர்வுக் காலத்தில் சேர்ந்து படிப்பதும் இங்குதான். பல்கலைக்கழகம் ஊதியம் வழங்கும் இயக்குநர் ஒருவர் இல்லத்தைக் கவனித்துக்கொள்வார். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு, ஐயங்களைத் தயக்கமின்றிக் கேட்கக்கூடிய முதல் நபர் பெரும்பாலும் அவரே.

சட்டங்கள் கூறுவது என்ன?

'பன்முகத்தன்மை, சமத்துவம், உள்ளடக்கம்' எனும் நோக்கத்திலான அலுவலகங்களை அரசுக் கல்வி நிறுவனங்கள் நடத்துவதைத் தடுக்கும் டெக்சாஸ் சட்டம், 2024 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. மாணவர் சங்கங்களின் செயல்பாடுகளுக்கு அச்சட்டம் விலக்கு அளிக்கிறது. எனினும், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் தனது பன்முகக் கலாசார மையத்தை மூடியது. அம்மையத்தின் ஆதரவில் இயங்கிய சங்கங்களுள், தெற்காசிய வம்சாவளியினரையும் உள்ளடக்கிய ஆசிய மாணவர் கூட்டமைப்பும் ஒன்று.

யூட்டாவில் இதையொத்த சட்டம் 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்ததைத் தொடர்ந்து, யூட்டா பல்கலைக்கழகத்தின் கறுப்பினக் கலாசார மையம் மூடப்பட்டது. அலபாமா பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் சங்கத்தின் அலுவலகம் மூடப்பட்டது. அங்கு அரசு நிதியைப் பயன்படுத்தாமல் சங்கங்கள் நிகழ்ச்சிகள் நடத்தத் தடையில்லை.

இரு தரப்பு வாதங்கள்

வரிப்பணத்தை இன அடிப்படையில் செலவிடலாகாது. மாணவர் அனைவருக்கும் பொதுவான உதவி மையங்களே போதுமானவை என்பது சட்டங்களை ஆதரிப்போரின் வாதம். இந்த இல்லங்களின் கதவுகள் எல்லா மாணவர்களுக்கும் திறந்தே இருந்தன என்கின்றனர் எதிர்ப்போர். சங்க நிர்வாகிகள் நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவதால், நிலையான இடமும் நிரந்தர ஊழியரும் இன்றிச் சங்கங்கள் நீடிப்பது கடினம் எனவும் அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். அலபாமா சட்டத்தை எதிர்த்துப் பேராசிரியர்களும் மாணவர்களும் 2025 ஜனவரியில் வழக்குத் தொடுத்தனர். சட்டத்துக்கு இடைக்காலத் தடை விதிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் மறுத்துவிட்டது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது

இம்மாகாணச் சட்டங்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கே பொருந்தும். யேல் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களை அவை கட்டுப்படுத்தா. ஆகவே, அமெரிக்காவில் சேர விண்ணப்பிக்கும் மாணவர்கள், அங்கு இந்திய மாணவர் சங்கம் உள்ளதா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அது எங்கே கூடுகிறது, அதற்கான செலவை யார் ஏற்கின்றனர் என்பதையும் கேட்டறிவது பயனளிக்கும்.