டர்போ பொருத்திய மாற்றுவடிவக் கார்களில் மின்னமைப்பு

டர்போ பொருத்திய மாற்றுவடிவக் கார் என்பது, தொழிற்சாலையில் இருந்து வந்த நிலையிலிருந்து மாற்றி, கூடுதல் திறன் பெறுவதற்காக டர்போவும் அதற்கேற்ற எரிபொருள், மின்னணுக் கருவிகளும் சேர்க்கப்பட்ட கார் ஆகும். இத்தகைய கார்களில் எந்திரம் பழுதாவதற்கும் தீப்பிடிப்பதற்கும் மின்கம்பி அமைப்பில் நேரும் சிறு பிழைகளே பல நேரங்களில் காரணமாகின்றன. அந்த மின்னமைப்பு எவ்வாறு இயங்குகிறது, அதை மேம்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை எவை என்பதைச் சென்னையின் சூழலோடு இணைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

வெளியேறும் புகையின் விசையால் சுழலியைச் சுழற்றி, எந்திரத்துக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் முறைக்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், செவர்லே கோர்வேர் ஆகிய பெட்ரோல் கார்கள் டர்போவுடன் விற்பனைக்கு வந்தன. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாரித்துவரும் ஹூண்டாய் நிறுவனம், 2019இல் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் எந்திரம் கொண்ட வென்யூவை வெளியிட்டது. எனவே டர்போ இன்று நகரில் புதுமையான பொருள் அன்று. ஆனால் டர்போ இல்லாமல் வடிவமைக்கப்பட்ட காரில் அதைச் சேர்ப்பது முற்றிலும் வேறான பணி.

சென்னைக்கு மோட்டார் பந்தய மரபும் உண்டு. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் இருந்த பழைய விமான ஓடுபாதையில் நீண்ட காலம் பந்தயங்களை நடத்தியது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த பந்தயத் தடம் 1990இல் திறக்கப்பட்டது. புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் அலங்காரக் கடைகள், ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகள் ஆகியவை மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் காரை மாற்றியமைப்போர் பொருள் தேடிச் செல்லும் இடங்கள்.

டர்போ வந்தால் மின்னமைப்பு ஏன் மாற வேண்டும்?

பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. டர்போ அழுத்தம் கொடுக்கும்போது வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்க, பெட்ரோலின் பங்கு இதைவிடக் கூட்டப்படும். எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை ஈசியூ எனப்படும் எந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி உணரிகளைப் பார்த்து முடிவு செய்கிறது.

பல கார்களில் காற்றின் அளவை உள்ளிழுப்புக் குழாயில் உள்ள மேப் உணரி கூறுகிறது. கடல்மட்டத்தில் உள்ள சென்னையில் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். டர்போ இல்லாத காருக்கு இதற்குச் சற்று மேல் வரை அளக்கும் உணரி போதும். டர்போ 0.7 பார் கூடுதல் அழுத்தம் தந்தால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 171 கிலோபாஸ்கல். பழைய உணரி தன் உச்ச அளவிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் வரும் காற்று ஈசியூவின் கணக்கில் சேராது; பெட்ரோல் குறைந்து, கலவை வறண்டு, எந்திரத்தில் 'நாக்கிங்' எனப்படும் தட்டல் தோன்றும். இது தொடர்ந்தால் பிஸ்டன் உருகி ஓட்டையாகலாம். ஆகவே 2.5 அல்லது 3 பார் வரை அளக்கும் உணரியைப் பொருத்தி, அதன் அளவீட்டை ஈசியூவிலும் பதிய வேண்டும். உணரியை மட்டும் மாற்றிவிட்டு மென்பொருளை மாற்றாமல் விடுவது இன்னும் ஆபத்தானது.

கம்பியின் தடிமன்: ஒரு கணக்கு

கூடுதல் பெட்ரோலுக்குப் பெரிய பம்பு வேண்டும். அது 15 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். பேட்டரி முன்புறம், பம்பு பின்புறம். போக 4 மீட்டர், திரும்ப 4 மீட்டர், ஆக 8 மீட்டர் கம்பி. 1 சதுர மி.மீ. செப்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.0175 ஓம்.

1.5 சதுர மி.மீ. கம்பி எனில் மொத்த மின்தடை 0.093 ஓம், 15 ஆம்பியரில் 1.4 வோல்ட் இழப்பு. 4 சதுர மி.மீ. கம்பி எனில் மின்தடை 0.035 ஓம், இழப்பு 0.5 வோல்ட் மட்டுமே.

ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் தந்தாலும் மெல்லிய கம்பியில் பம்புக்குக் கிடைப்பது 12.6 வோல்ட்தான். மின்னழுத்தம் குறைந்தால் பம்பு தள்ளும் பெட்ரோலும் குறையும். நிறுத்தத்தில் நன்றாக ஓடும் கார், முழு வேகத்தில் மட்டும் வறண்ட கலவையில் ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குற்றம் டர்போ மீது சுமத்தப்படும். உண்மையில் குற்றவாளி கம்பி.

ஃபியூஸும் ரிலேயும்

ஃபியூஸ் கருவியைக் காப்பதற்காக என்று பலர் கருதுகின்றனர். அதன் முதல் வேலை கம்பியைக் காப்பது. கம்பி தாங்கும் மின்னோட்டத்தைவிட ஃபியூஸின் அளவு கூடவே கூடாது. 'அடிக்கடி போகிறது' என்று 15 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பதில் 30 ஆம்பியர் போடுவதும், வெள்ளித்தாள் சுற்றிச் சொருகுவதும் கம்பியையே ஃபியூஸாக்கும் செயல்கள்; அது உருகும் இடம் டேஷ்போர்டின் உள்ளே இருக்கும். பேட்டரியிலிருந்து வரும் முதன்மைக் கம்பிக்கு ஃபியூஸைப் பேட்டரிக்கு மிக அருகிலேயே வைக்க வேண்டும். தொலைவில் வைத்தால், இடைப்பட்ட கம்பி தகரத்தில் உரசி 'ஷார்ட்' ஆகும்போது தடுக்க எதுவும் இராது.

ரிலே என்பது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சு. வழக்கமான ரிலேயில் 85, 86 ஆகிய முனைகள் சுருளுக்கு உரியவை. 30இல் பேட்டரி மின்சாரம் நுழைந்து 87 வழியே கருவிக்குச் செல்லும். சுருள் அணையும்போது எழும் எதிர்மின்னழுத்தம் ஈசியூவைத் தாக்காமல் இருக்க, டயோடு உள்ள ரிலேயே நல்லது.

பெட்ரோல் பம்பின் ரிலேயை ஈசியூவே இயக்க வேண்டும். எந்திரம் சுற்றுவது நின்றால் ஈசியூ சில நொடிகளில் பம்பை நிறுத்திவிடும். வேலை எளிது என்று பம்பைச் சாவி சுவிட்சிலிருந்து நேரடியாக இணைத்தால், விபத்தில் எந்திரம் நின்ற பிறகும் பம்பு ஓடும். அறுந்த குழாயிலிருந்து சூடான டர்போவின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். இந்த ஒரு இணைப்பு உயிர் சார்ந்தது.

எர்த்தும் உணரிக் கம்பிகளும்

மின்சாரம் திரும்பி வரும் பாதையான எர்த்தும் சமமான முக்கியத்துவம் உடையது. 3 பார் மேப் உணரி 5 வோல்ட் எல்லைக்குள் பேசுகிறது. 1 வோல்ட் என்பது ஏறத்தாழ 60 கிலோபாஸ்கல். உணரியின் எர்த்தை, விசிறியோ பம்போ பயன்படுத்தும் எர்த்தோடு சேர்த்துவிட்டு, அங்கே 0.1 வோல்ட் மாறுபட்டால், அழுத்த அளவீட்டில் 6 கிலோபாஸ்கல் பிழை வரும். எனவே உணரிகளின் எர்த் பாடியைத் தொடாமல் நேரே ஈசியூவுக்குத் திரும்ப வேண்டும். இக்னிஷன் காயில்களின் எர்த் சிலிண்டர் ஹெட்டில் அமைய வேண்டும். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் திம்பிள் இறுக்க வேண்டும்.

கிராங்க் உணரி எந்திரத்தின் சுழற்சியைப் பற்களை எண்ணி அறிகிறது. 60 பல் அமைப்பில் நிமிடத்துக்கு 6000 சுற்று எனில், நொடிக்கு 6000 பல் இடைவெளிகள். இந்தச் சமிக்ஞைக்கு முறுக்கிய, உறையிட்ட கம்பி தேவை. உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். இக்னிஷன் கம்பிகளோடு சேர்த்துக் கட்டினால் பொய்த் துடிப்புகள் கலந்து, தீப்பொறி தவறான நேரத்தில் விழும்.

இன்ஜெக்டரை மாற்றும்போது மின்தடையை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். 14 ஓம் இன்ஜெக்டர் 14 வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுக்கும்; 2.5 ஓம் இன்ஜெக்டர் 5.6 ஆம்பியர் இழுக்கும். முன்னதற்காக அமைந்த ஈசியூவில் பின்னதை மாட்டினால் அதன் டிரைவர் எரிந்துவிடும்.

வெப்பம், உப்பு, வெள்ளம்

பெட்ரோல் டர்போவின் புகைப்பகுதி 800 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். சாதாரண பிவிசி உறை அதன் அருகே நிலைக்காது. வெப்பம் தாங்கும் உறையுள்ள கம்பியும் வெப்பத் தடுப்புச் சுற்றும் வேண்டும். இன்சுலேஷன் டேப் சென்னை வெயிலில் பசை இளகி அவிழ்ந்துவிடும். பசையுடன் கூடிய சுருங்கு குழாயே ஏற்றது. இணைப்புகளை முறுக்கி விடாமல், உரிய கருவியால் கிரிம்ப் செய்ய வேண்டும்.

அடையாறு, பெசன்ட் நகர், மயிலாப்பூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று செப்பைப் பச்சை பிடிக்கச் செய்யும். ரப்பர் அடைப்புள்ள கனெக்டர்களைப் பயன்படுத்தி, அவற்றின் வாய் மேல்நோக்கி இராதபடி பொருத்த வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைப் பகுதிகளில் ஏராளமான கார்கள் மூழ்கின. மூழ்கிய காரில் சாவியைத் திருப்பிப் பார்ப்பது ஈசியூவையும் எந்திரத்தையும் சேர்த்தே கெடுக்கும். முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். அடித்தளத்தில் கார் நிறுத்துவோருக்கும், ஈசியூவை இருக்கைக்கு அடியில் வைப்போருக்கும் இது பொருந்தும்.

சோதனை

வேலை முடிந்ததும், கருவி இயங்கும் நிலையிலேயே மின்னழுத்த இழப்பை அளக்க வேண்டும். அணைந்த கம்பியில் தொடர்ச்சி பார்ப்பது போதாது. கார் உறங்கும் நிலையில் மின்கசிவு 50 மில்லியாம்பியருக்குள் இருப்பது நல்லது. 500 மில்லியாம்பியர் கசிந்தால் நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி போகும். 60 ஆம்பியர்-மணி பேட்டரி 5 நாளில் காலியாகும். ஒவ்வொரு கம்பிக்கும் நிறம், தடிமன், ஃபியூஸ் அளவு ஆகியவற்றைக் குறித்த வரைபடம் காரிலேயே இருக்க வேண்டும். அடுத்து வேலை செய்பவர் வேறொருவராக இருக்கலாம்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல வரையறையிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க வழி செய்கிறது. அனுமதியில்லாத மாற்றம் விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கையையும் பாதிக்கலாம்.

ஆகவே டர்போ சேர்த்த காருக்கு உரிய இடம் கிழக்குக் கடற்கரைச் சாலை அன்று. பாதுகாப்பு ஏற்பாடுகள் உள்ள பந்தயத் தடமே. மாணவர்கள் இதைக் கற்கத் தொடங்க டர்போ வாங்க வேண்டியதில்லை. ஒரு மல்டிமீட்டர், ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ், நான்கு மீட்டர் கம்பி இருந்தால், மேலே கண்ட மின்னழுத்த இழப்பை மேசையிலேயே அளந்து பார்க்கலாம்.