திரும்பி வரும் சரக்கும் பிடித்தமும்

இணையச் சந்தையில் நாட்டுச் சர்க்கரை, மஞ்சள்தூள் விற்கும் சிறு விவசாயிகள், சரக்கு திரும்பி வந்தால் முதலில் காரணத்தைப் பார்க்க வேண்டும். ஈரம் இழுத்துக் கெட்டுப்போயிருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தரம் இல்லாவிட்டாலோ திரும்பப் பெற மறுக்க 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இடம் தரவில்லை. அதற்குப் பிடித்தம் செய்வதும் முறையன்று. வாங்கியவர் மனம் மாறித் திருப்பினால் செலவுக்கு ஒரு தொகை பிடிக்கலாம். ஆனால் சந்தை நிறுவனம் அதை அனுமதிக்க வேண்டும். பிடித்தத்தையும், திருப்பி அனுப்பும் கூலி யார் பொறுப்பு என்பதையும் விற்பனைப் பக்கத்தில் முன்கூட்டியே தெரிவித்திருக்கவும் வேண்டும்.

கட்டும்போதே பொட்டலத்தைத் தராசில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளவும். பின்னால் எடைத் தகராறு வந்தால் அதுவே சாட்சி. உறை பிரிந்து வந்த உணவுச் சரக்கை மறுபடி விற்கலாகாது. சிறு பொட்டலமானால் போக்குவரத்துக் கூலியே விலையைத் தாண்டிவிடலாம். அப்போது பணத்தைக் கொடுத்துவிட்டுச் சரக்கை அவரிடமே விட்டுவிடுவது இலாபம்.