எலிப்பாஷாணமும் கூகையின் வேட்டையும்

பயிரைக் கெடுக்கும் உயிர்களை அடக்குவது உழவர் கடமை. ஆயினும், அவ்வுயிர்களை வேட்டையாடி வாழும் பிறிதோர் உயிரையும் கணக்கில் சேர்க்காமல் செய்யும் ஒழிப்பு, நாளடைவில் உழவருக்கே கேடாய் முடிவதுண்டு. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் செம்பனைத் தோட்டங்களே போதும்.

மலாயாவில் வாணிக நோக்குடன் செம்பனை முதன்முதலில் பயிரிடப்பெற்றது 1917ஆம் ஆண்டில்; இடம், பெயரிலேயே தமிழ் மணக்கும் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டம். பின்னர்ப் பால்மரம் நின்ற நிலங்கள் பலவும் செம்பனைக்கு மாறின. கிள்ளானைக் கடந்து கேரித்தீவுக்குச் செல்வோர் இன்றும் அத்தோட்டங்களைக் காணலாம். பால்மரத் தோட்டத்தில் கிடைக்காத விருந்து எலிக்குச் செம்பனையில் கிடைத்தது. ஆண்டு முழுவதும் பழம். வெட்டி அடுக்கிய மட்டைகளுக்கிடையே மறைவிடம். ஓர் எக்டேரில் இருநூறுக்கு மேற்பட்ட எலிகள் வாழ்வதுண்டு. அவற்றை அடக்காவிடில் எண்ணெய் விளைவில் நூற்றுக்கு 5 பங்களவு இழப்பு நேரும் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பீடு.

இவ்வெலியின் இயற்கைப் பகை கூகை. வெண்ணிற முகம் இதய வடிவில் அமைந்த ஆந்தை வகை இது. மலாய்க்காரர் ஆந்தைகளைப் பொதுவாகப் ‘பூரோங் ஹந்து’, அதாவது பேய்ப்பறவை என்பர். ஆனால் கூகைக்கு மட்டும் ‘புங்குக் ஜெலாப்பாங்’ என்றொரு பெயர் உண்டு. ஜெலாப்பாங் என்பது நெற்களஞ்சியம். களஞ்சியத்தைக் காக்கும் பறவையை அச்சொல் நன்கு அடையாளம் காட்டுகிறது. நம்மவரோ அதன் அலறலைச் சாவுக்குறி எனக் கொண்டு கல்லெறிந்து விரட்டினர். திருவள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தின் முதற் குறளிலேயே கூகையை எடுத்துக்காட்டியதைத் தமிழாசிரியர் அறிவர். பகல் அதற்கு உரிய காலம் அன்று. இரவே அதன் காலம். எலி வெளிவருவதும் அக்காலத்திலேயே. காரிருளிலும் ஒலியை மட்டுமே கொண்டு இரையைப் பற்றும் செவித்திறன் அதற்கு உண்டு.

தீபகற்ப மலேசியாவில் கூகை முன்பு அரிய பறவையாகவே இருந்தது. 1960களின் இறுதியில் ஜொகூரில் அது குஞ்சு பொரித்தது பதிவாயிற்று. அதன்பின், எலி மிகுந்த செம்பனைத் தோட்டங்களின் வழியே அது பரவிற்று. இங்கு வாழும் கூகையின் உணவில் பெரும்பகுதி எலியே. ஓர் இணையும் அதன் குஞ்சுகளும் ஆண்டொன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தின்னும் எனக் கணக்கிட்டுள்ளனர். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு: கூடு கட்டத் தெரியாது. பழைய மரப்பொந்தோ கட்டடத்தின் மூலையோ வேண்டும். ஒரே சீராக நட்ட செம்பனையில் பொந்து ஏது? ஆதலின் கம்பத்தின்மேல் மரப்பெட்டி அமைத்து அதனைக் குடியேற்றும் முறை தோன்றிற்று. இன்று தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்களிலும் அத்தகைய பெட்டிகள் உண்டு.

இவ்விடத்தில்தான் பாஷாணம் குறுக்கிடுகிறது. வார்ஃபரின் போன்ற நஞ்சுகள் இரத்தம் உறைவதற்குரிய வைட்டமின் ‘கே’யின் செயலைத் தடுக்கின்றன. எலி உடனே சாவதில்லை. சில நாள் தளர்ந்து திரிந்தே மடியும். அவ்வாறு தளர்ந்த எலி எளிய இரையன்றோ? எனினும் வார்ஃபரின் உடலில் நெடுநாள் தங்குவதில்லை. நாளடைவில் அதனைத் தாங்கும் எலிகள் பெருகவே, புரோடிபாக்கும் போன்ற கடிய நஞ்சுகள் வந்தன. இவை ஒருமுறை தின்றாலே கொல்லும். ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். எலியின் ஈரலிலிருந்து அவை கூகையின் ஈரலுக்கு ஏறுகின்றன. வார்ஃபரினை நிறுத்திப் புரோடிபாக்கும் முதலியவற்றுக்கு மாறிய நம் நாட்டுத் தோட்டம் ஒன்றில், 40 கூகைகள் 30 மாதங்களில் இரண்டாகக் குறைந்தன என 1984இல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. 1952இல் பிரான்சில் அர்மான் டெலீல் என்னும் மருத்துவர், தம் பண்ணையில் பயிரை அழித்த முயல்களை ஒழிக்க மிக்சோமா நோயைப் புகுத்தினார். ஈராண்டு கழிவதற்குள் அந்நாட்டுக் காட்டுமுயல்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மாண்டன. உழவர் மகிழ்ந்தனர், முயல் வேட்டையாடுவோர் வெகுண்டெழுந்தனர். நீதிமன்றம் 1955இல் அவருக்குத் தண்டம் விதித்தது. மறு ஆண்டே அவருக்குப் பதக்கமும் கிடைத்தது! நோயோ எல்லை கடந்து ஸ்பெயினுக்கும் சென்றது. அங்கே முயலையே நம்பி வாழ்ந்த ஐபீரிய லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனை, பிற்காலத்தில் வந்த வேறொரு முயல்நோயாலும் வாழிட அழிவாலும் மேலும் நலிந்து, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கிற்று. பின்னர் அரும்பாடுபட்டே அதனை மீட்டனர். துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரனுக்கு வழக்காட வாய் இருந்தது. லின்க்சுக்கும் கூகைக்கும் அஃது இல்லை.

வேட்டையுயிர் அழிந்தால் உழவருக்கு வரும் நட்டம் யாது? எலி மூன்று வாரத்தில் குட்டி ஈனும். எஞ்சிய சிலவும் சில மாதங்களில் பல்கும். கூகையின் தொகை அவ்வளவு விரைவில் மீள்வதில்லை. ஆகவே நஞ்சு ஓய்ந்ததும் முதலில் திரும்புவது எலி; அப்போது அதனை எதிர்கொள்ளக் கூகை இராது. மீண்டும் நஞ்சு வாங்க வேண்டியதே.

கூகை இருந்தால் நஞ்சே வேண்டா என்பதும் மிகையே. எலி மிகப் பெருகிய நிலத்தில் பறவை மட்டும் போதாது. முதலில், உடலில் நெடிது தங்காத நஞ்சால் எலித்தொகையைக் குறைத்து, அதன்பின் பெட்டிகள் அமைத்துக் கூகையை நிலைபெறச் செய்வதே தக்க முறை. கடிய நஞ்சு வைத்த இடத்தில் பெட்டி நடுவது விருந்தினரை அழைத்து நஞ்சிடுவதற்கு ஒப்பாகும்.

மாணவர்க்குக் கூகையைக் கற்பிக்கும்போது அபசகுனக் கதையோடு நிறுத்தாமல், அது உண்ணும் எலியின் கணக்கையும் சொல்லலாம். கல்லெறியும் கை தயங்குவதற்கு அக்கணக்கு உதவும்.