‘நல்லா இருக்கு’ன்னு சொல்ல எவ்வளவு?

பெரிய நடிகரின் படம் வெளியாகிற அன்று தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு. பாலக்காட்டில் அதற்குள் ஒரு காட்சி முடிந்து ஜனங்கள் டீக்கடைக்குப் போயிருப்பார்கள். 2023-இல் ‘லியோ’ வந்தபோது கேரளத்தில் விடியற்காலை 4 மணிக்கே படம் ஓட ஆரம்பித்துவிட்டது. சென்னை ரசிகர் கட்அவுட்டுக்குப் பாலூற்றிக்கொண்டிருக்கும்போதே ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் மாஸ், செகண்ட் ஹாஃப் லேக்’ என்று அவருடைய செல்போனுக்குத் தீர்ப்பு வந்து சேர்கிறது. இடைவேளையில் ஒரு ட்வீட், படம் விட்டதும் வாசலில் மைக், மதியச் சாப்பாட்டுக்குள் பத்து நிமிட வீடியோ. பத்திரிகையில் விமர்சனம் வரும் வாரத்தில் படம் தியேட்டரில் இருந்தால் அதுவே பெரிய விஷயம்.

இந்த வேகத்தில் முதலில் அடிபட்டவர்கள் நிருபர்கள் அல்ல, மக்கள் தொடர்பாளர்களான பி.ஆர்.ஓ.க்கள். ‘நாடோடி மன்னன்’ (1958) காலத்தில் தமிழ் சினிமாவில் தொடங்கிய தொழில் அது. ஸ்டில்களைக் கவரில் போட்டுப் பத்திரிகை ஆபீஸ் படியேறுவது, பூஜைக்கும் பாடல் வெளியீட்டுக்கும் நிருபர்களைத் திரட்டுவது, வடபழனிப் பக்கம் ஏதாவது ஒரு பிரிவியூ தியேட்டரில் படம் போட்டுக் காட்டி, முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவர் முகத்தையும் படிப்பது. பி.ஆர்.ஓ.வுக்குத் தேவையான மொத்த உலகமும் ஒரு சின்ன டைரியில் அடங்கியிருந்தது. கசப்பாக எழுதுகிறவர் யார், இனிப்பாக எழுதுகிறவர் யார், யாரிடம் இரண்டு நாள் தள்ளிப்போடச் சொல்லலாம் என்பதெல்லாம் அத்துப்படி. (அந்த நாளிலும் கவர் இருந்தது. ஸ்டில் மட்டுமே இருந்த கவர் என்று சத்தியம் செய்ய யாரும் முன்வர மாட்டார்கள்.)

அந்த டைரிக்குள் அடங்காத ஆட்கள் 2003-க்குப் பிறகு வந்தார்கள். தமிழில் வலைப்பதிவுகள் முளைத்த காலம். பகலில் கம்ப்யூட்டர் கம்பெனியிலோ வங்கியிலோ வேலை, ராத்திரி இரண்டாம் ஆட்டம், விடிவதற்குள் யூனிகோட் எழுத்தில் ஒரு விமர்சனம். பிரஸ் ஷோவுக்கு இவர்களை யாரும் அழைத்ததில்லை, அதனால் யாருக்கும் தாட்சண்யம் பார்க்க வேண்டியதில்லை. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்தவனின் கோபம் எழுத்தில் தெரிந்தது. பிடித்த படத்தை ஊரெல்லாம் இழுத்துப்போய்க் காட்டத் துடிக்கிற வெறியும் தெரிந்தது. மொழி கரடுமுரடு, எழுத்துப்பிழை ஏராளம். ஆனாலும் படித்தவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் மேல்தான் பின்னால் வந்த யூடியூப் விமர்சகர்கள் அத்தனை பேரும் வீடு கட்டினார்கள்.

நம்பிக்கை இருக்கும் இடத்தை விளம்பரக்காரர்கள் விட்டுவைப்பார்களா? முதலில் பிரிவியூவுக்கு அழைப்பு. பிறகு டிரெய்லர் வெளியீட்டில் முன்வரிசை நாற்காலி. பிறகு நாயகனோடு தனிப் பேட்டி. இன்று டைட்டிலில் ‘மக்கள் தொடர்பு’ என்ற பெயருக்குப் பக்கத்திலேயே ‘டிஜிட்டல் புரமோஷன்’ என்று இன்னொரு பெயர் ஓடுகிறது. பட்ஜெட்டில் அதற்குத் தனிக் கணக்கு. முன்னணி நடிகர்கள் பிரஸ் மீட்டுக்கே வருவதில்லை. எதைக் கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு தொகுப்பாளரோடு சோபாவில் அமர்ந்து சிரிக்கிறார்கள். நாளிதழ் இணையதளங்கள் அந்தச் சிரிப்பைத் துண்டுதுண்டாக வெட்டிச் செய்தியாக்குகின்றன, ‘நெட்டிசன்கள் கொண்டாட்டம்’ என்று தலைப்பு வைக்கின்றன. கொண்டாடிய நெட்டிசன் யார், அவருக்குப் பேட்டா யார் கொடுத்தார்கள் என்று விசாரிக்க அங்கே ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

இதற்கிடையில்தான் தயாரிப்பாளர்கள் தரப்பில் போர்க்கொடி எழுந்தது. 2024-இல் அடுத்தடுத்துப் பெரிய படங்கள் சறுக்கியதும், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்று நவம்பரில் கோரிக்கை வைத்தார்கள். டிசம்பரில், படம் வெளியாகி மூன்று நாள்வரை விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். விமர்சனம் கருத்துரிமை சார்ந்தது, பொத்தாம்பொதுவாகத் தடை போட முடியாது என்றது நீதிமன்றம். கேரளத்தில் இது இன்னும் முன்பே நடந்தது. 2023 அக்டோபரில் ஒரு படத்தைத் திட்டமிட்டுத் தாக்கியதாகக் காவல் துறை வழக்கே பதிந்தது. 48 மணி நேரமாவது விமர்சகர்கள் பொறுக்கட்டும் என்ற யோசனை அங்கே உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. கோடிகளை வட்டிக்கு வாங்கிப் படமெடுத்தவருக்கு வயிறு எரிவது நியாயம்தான், காசு தராவிட்டால் கிழித்துவிடுவேன் என்று மிரட்டுகிற ஆட்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் திட்டியதற்குத்தான் இந்த வழக்குகள் எல்லாம். புகழ்ந்ததற்கு யாராவது வழக்குப் போட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

திட்டுகிறவரை அடையாளம் தெரிகிறது. முகம் இருக்கிறது, சேனல் இருக்கிறது, கீழே போய்த் திருப்பித் திட்டவும் இடம் இருக்கிறது. காசு வாங்கிப் புகழ்கிறவரை எப்படிக் கண்டுபிடிப்பது? பேக்கேஜ் என்ற பெயரில் கோடம்பாக்கத்தில் சர்வசாதாரணமாகப் புழங்குகிற விஷயம் இது. போஸ்டருக்கு ஒரு ட்வீட், டிரெய்லருக்கு ஒரு ‘கூஸ்பம்ப்ஸ்’, வெள்ளிக்கிழமை காலைக்கு ஒரு ‘பிளாக்பஸ்டர்’, ஞாயிறன்று ஒரு வசூல் நிலவரம். தமிழ்நாட்டில் பொதுமக்கள் சரிபார்க்கக்கூடிய அதிகாரபூர்வ வசூல் கணக்கு என்று எதுவும் வெளிவருவதில்லை என்பதால் கடைசி அயிட்டம் ரொம்ப வசதி. யார் எத்தனை கோடி என்று போட்டாலும் போட்டதுதான் கணக்கு. பத்திரிகையில் காசு கொடுத்து வந்த பக்கத்தின் மூலையில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற சைஸிலாவது, ‘விளம்பரம்’ என்று ஒரு சொல் இருக்கும். இங்கே அந்தச் சொல் எங்கே?

சட்டம் இல்லாமலில்லை. அமெரிக்காவில் 2009-லேயே, பொருளைப் பாராட்டி எழுதும் வலைப்பதிவர் அந்த நிறுவனத்திடம் பெற்றதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள். நம் ஊரில் 2023 ஜனவரியில் ஒன்றிய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. ரொக்கம் மட்டுமல்ல, இலவசப் பொருள், பயணம், ஹோட்டல் வாசம் எல்லாமே கணக்கில் வரும். வீடியோ என்றால் கீழே விவரக்குறிப்பில் ஒளித்து வைத்தால் போதாது, வீடியோவுக்குள்ளேயே எழுத்திலும் குரலிலும் சொல்ல வேண்டும். நேரலை என்றால் திரையில் தொடர்ந்து தெரிய வேண்டும். விளம்பரம் எந்த மொழியிலோ அறிவிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்குத் துணைபோகிறவருக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பத்து லட்சம்வரை அபராதம் சொல்கிறது, திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம்வரை. யூடியூபிலேயே காசு வாங்கிய வீடியோ என்று குறிக்க ஒரு டிக் பெட்டி இருக்கிறது. கடந்த தீபாவளிக்கு வந்த படங்களைப் பற்றிய தமிழ் வீடியோக்களை நீங்களே திறந்து பாருங்கள், அந்த டிக் எத்தனை இடத்தில் இருக்கிறதென்று.

பெரிய படத்துக்கு இந்த ஒளிவுமறைவால் நஷ்டம் குறைவு. நாலு பேர் திட்டினாலும் நடிகரின் முகத்துக்கே முதல் மூன்று நாள் ஓடிவிடும். அறிமுக இயக்குநர், அறிமுக நாயகன், காரைக்குடியில் நிலத்தை விற்றுவந்த தயாரிப்பாளர் என்று வருகிற படத்தைப் பாருங்கள். அதற்கு மிச்சமிருந்த ஒரே தெய்வம் வாய்வழிச் செய்திதான். நிஜமாகவே படம் பிடித்துப்போன ஒருத்தர் ‘நல்லா இருக்கு’ என்று வீடியோ போடுகிறார் என்று வையுங்கள். கீழே முதல் கமெண்ட் என்ன? ‘அண்ணே, எவ்வளவு வாங்குனீங்க?’ பணம் கொடுக்க வக்கில்லாத படத்துக்குக் கிடைத்த இலவசப் பாராட்டும், பேக்கேஜில் வந்த பாராட்டும் பார்ப்பவன் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டன. பி.ஆர்.ஓ.க்களின் வியாபாரமும் இதில்தான் கெட்டுப்போயிருக்கிறது. அவர்கள் இத்தனை காலம் விற்றது இன்னொருவரின் நற்சான்றை. இப்போது அந்தச் சரக்கை ஊரே உரசிப் பார்க்கிறது.

மூன்று நாள் வாய்ப்பூட்டு கேட்டவர்கள் அடுத்த முறை நீதிமன்றத்துக்குப் போகும்போது மனுவில் இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருகிற ‘பிளாக்பஸ்டர்’ போஸ்டருக்கும், அன்று மாலையே கேக் வெட்டுகிற சக்சஸ் மீட்டுக்கும் அதே மூன்று நாள் பொருந்தும் என்று முதல் வரி. எங்களிடம் காசு வாங்கியவர்களின் பட்டியல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது என்று இரண்டாவது.